வெள்ளைத் தட்டில் ஒரு காடை

தம்பி, இதை நின்றபடி வாசிக்காதே. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குசினி மேசையில் இருந்து, முழுவதையும் வாசி. பாதியில் எழும்பிப் போய் கப்பல் அங்கிளின் பேஜருக்கு அடிக்காதே. நீ வியாழக்கிழமை லண்டனுக்கு விமானம் ஏறப்போகிறாய். உன் அறைச் சுவரோரம் அந்தப் பெட்டி, கட்டி ஒட்டி, உன் பெயர் எழுதியபடி இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நான் உடம்பைச் சுருக்கிக்கொண்டு போகிறேன். உள்ளே பீங்கான்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாம்பு இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என் வாய் எப்படிப்பட்டதென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட வாய் சனிக்கிழமையிலிருந்து மூடிக் கிடக்கிறது. "என்னம்மா, சுகமில்லையோ?" என்று ஒருமுறை கேட்டாய். தடிமன், மூக்கடைப்பு என்றேன். நீயும் நம்பிவிட்டுப் போய்விட்டாய்.

கப்பல் அங்கிள் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தது உனக்கு ஞாபகமிருக்கும். நீ அப்போது கல்லூரியில் படம் கீறப் படித்துக்கொண்டிருந்தாய். யூனியன்வில்லில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் சனி ஞாயிறு வேலைக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனாய். வெள்ளைக்காரர் ஐஸ்கிரீம் நக்கியபடி உலாவும் அந்தத் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்தார் ஜப்பான் பீங்கான் விற்கிறார் என்றால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இளமையில் கப்பலில் வேலை, நாகசாகித் துறைமுகத்தில் பிடித்த பீங்கான் பைத்தியம் என்று அவரே கதை கதையாகச் சொன்னார். நான் புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தேன். மனிதன் சாப்பாடு போடுமுன் வெறும் தட்டைத் தூக்கிக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். வெக்ஸ்போர்ட்டில் மலிவுக் கடையில் வாங்கிய தட்டில் என்ன இருக்கப்போகிறது! "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, பழக்கதோசம். பீங்கான் எண்டால் என்ர கை தானாப் பிரட்டும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உன் அப்பா போனபிறகு இந்த வீட்டில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து சாப்பிட்டதே அதுதான் முதல்தடவை, அந்தச் சந்தோசத்தில் எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை.

அடுத்தமுறை வந்தபோது கடதாசியில் சுற்றிய வெள்ளைத் தட்டுகள் கொஞ்சம் கொண்டுவந்தார். "படமில்லாத பீங்கான் தங்கச்சி. பழசுதான், ஆனா உதுகளை ஒருத்தரும் திரும்பியும் பாக்கமாட்டினம். சோறு போட்டுச் சாப்பிடுங்கோ." நான் சாப்பிட்டேன், சாப்பிட்டது மட்டுமல்ல. பாத்திரம் என்றால் பெயர் வெட்டவேண்டும் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. வெட்டாத பாத்திரத்தில் வடையைப் போட்டு அடுத்த வீட்டுப் பிறந்தநாளுக்குக் கொடுத்தால், வடையோடு பாத்திரத்துக்கும் கும்பிடு. அதனால் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அச்சுகளில் இலக்கம் பொறிக்கும் மின்பேனாவைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒவ்வொரு தட்டின் அடியிலும், மேசையைத் தொடும் அந்த மினுக்கமில்லாத வளையத்தில், உன் அப்பாவின் முதலெழுத்தை, ஒரு சின்ன 'ந'வைக் கீறிவிட்டேன். அது முந்நூறு வருடத்துப் பீங்கான் என்று யார் கண்டது! நீ வந்து பார்த்துத் தலையில் கைவைத்தாய். "அம்மா! ஆர் யூ சீரியஸ்? உது எவர்சில்வர் எண்டு நினைச்சீங்களோ?" என்று கத்தினாய். பிறகு உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் இரண்டுபேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அந்த வருடங்களில் நீ எனக்குச் சொல்லித்தந்ததை நான் ஒன்றும் மறக்கவில்லை. இந்த மேசையில்தான் படப் புத்தகங்களைப் பரப்பிவைத்துச் சொல்வாய். நீலம், சிவப்பு, பொன் மூன்றையும் குழைத்து, ஓர் இடமும் மிச்சம் விடாமல் அப்பியிருந்தால் இமாரி. அது செய்யப்பட்ட ஊரின் பெயர்கூட இல்லையாம், கப்பலேற்றிய துறைமுகத்தின் பெயராம். பச்சையும் மஞ்சளும் ஊதாவும் தடிப்பாகக் கிடந்தால் குதானி. பிரபுவின் வீட்டுக்கும் அரசருக்கு அன்பளிப்புக்கும் என்று மட்டும் செய்து, அடிவளையத்தில் சீப்புப் பல்போலக் கோடு கீறியது நபேஷிமா. எனக்குப் பிடித்தது நாலாவது, ககியெமோன். அரிசி கழுவிய தண்ணீரின் வெள்ளை. அந்த ஊர்க்காரரே அதை அப்படித்தான் சொல்வார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வெள்ளையில் ஓரமாக ஒரு கிளை, ஒரு காடை, கொஞ்சம் தினை. மிச்சமெல்லாம் சும்மா விடப்பட்ட இடம். "அம்மா, உதில படத்தைப் பாக்காதேங்கோ, விட்ட இடத்தைப் பாருங்கோ" என்பாய். இமாரியை நான் கலியாணவீட்டுச் சேலை என்பேன், நீ கோபிப்பாய்.

அப்போதே நீ இன்னொன்றும் சொன்னாய். இந்தப் பெயரெல்லாம் பார்வைக்கு வைத்த பெயர்தான், செய்தவனின் பெயரல்ல என்றாய். ககியெமோன் என்பது ஒரு குடும்பத்தின் பெயராக இருந்து, பிறகு ஒரு பாணியின் பெயராகிவிட்டது. அயல் சூளைக்காரரும் அப்படிச் செய்தார்கள், ஜேர்மன்காரனும் பிரெஞ்சுக்காரனும் செய்தார்கள். ஒல்லாந்தர் படமில்லாத ஜப்பான் தட்டுகளை வாங்கித் தங்கள் ஊரில் வைத்துத் தாங்களே படம் கீறிச் சுட்டார்கள். தட்டு ஜப்பானுடையது, படம் இன்னொருவனுடையது. நான் தேத்தண்ணி ஊற்றியபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு சுவாரசியமான கதையாக. அதைக் கப்பல் அங்கிளும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நான் யோசிக்கவில்லை.

முதலில் நீ அவருடைய கடைத் தட்டுகளில் தேய்ந்துபோன இலைக்கும் உதிர்ந்த இதழுக்கும் நிறம் வைத்தாய். அது திருத்தவேலை, அதில் ஒரு பிழையும் இல்லை. பிறகு அவர் கடைக்குப் பின்னால் உனக்கென்று சின்னச் சூளை ஒன்று வாங்கிவைத்தார். ஒருநாள் உன் தோளில் கைபோட்டபடி என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, பெடியன்ர கையிருக்கே, உது உயிரோட இருக்கிறவன்ர கையில்லை. முந்நூறு வரியத்துக்கு முன்னம் செத்தவன் எழும்பிவந்து கீறினமாதிரிக் கிடக்கு." நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். பெற்ற பிள்ளையின் கையைச் செத்தவன் கை என்று ஒருவன் சொல்கிறான், நான் அவனுக்கு இன்னொரு வடை எடுத்துவைக்கிறேன்! புகழுகிறார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிறகு வீட்டில் இருந்த அந்த வெள்ளைத் தட்டுகளில் ஒன்றைக் காணவில்லை. கேட்டேன். "உடைஞ்சு போச்சு அம்மா, சொரி" என்றாய். உடைந்த பீங்கானை யார் தேடுவார்கள்? விட்டுவிட்டேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். நகரத்துக்குள் இருக்கும் அந்த ஏலக்கடையில், ஏலத்துக்கு முன் சாமான்களை வைத்துக் காட்டுவார்களே, நான் சில சனிக்கிழமைகளில் அங்கே போவதுண்டு. நீ என்னைக் கேலி செய்வாய். பார்ப்பதற்குக் காசில்லை, குளிருக்கும் இதம். அன்றைக்கும் ஈரச் சப்பாத்தோடு ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு தட்டின் முன்னால் நின்றுவிட்டேன். அரிசி கழுவிய தண்ணீர் வெள்ளை. இரண்டு காடைகள், ஒன்று குனிந்து கொத்துகிறது, மற்றது திரும்பிப் பார்க்கிறது. தினைக்கதிர் வளைந்து நிற்கிறது. விளிம்பில் மெல்லிய மண்ணிறக் கோடு. ஐயோ, என்ன வடிவு தெரியுமா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து அட்டையில், ககியெமோன், பதினேழாம் நூற்றாண்டின் கடைசி, ஜப்பான் என்று எழுதியிருந்தது.

ஆனால் வலதுபக்கம் ஒரு வண்ணத்துப்பூச்சி இருந்தது. அது இருக்கக்கூடாத இடம். சும்மா விடவேண்டிய இடம் என்று என் கண்ணுக்கே பட்டது. பழைய பீங்கானைத் திரும்பச் சூளையில் வைத்தால் உள்ளே ஊறிக் கிடந்ததெல்லாம் கறுப்புப் புள்ளியாக மேலே எழும்பும் என்று நீதான் ஒருநாள் சலித்துக்கொண்டாய். அந்தப் பூச்சியின் செட்டைகளில் கறுப்புப் பொட்டுகள் இருந்தன, அவற்றை மறைக்கத்தான் பூச்சியே. அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன், அவள் பெட்டியைத் திறந்து தட்டை என் கையில் தந்தாள். திருப்பினேன். அடிவளையம் பழைய அழுக்கு நிறத்தில் ஒரே சீராக இருந்தது. நகத்தால் மெல்லத் தடவிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் நகம் இழுபட்டது. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். ஏதோ வைத்து அடைத்து, தேய்த்து, அழுக்கும் பூசியிருந்தாய். ஆனால் அந்த 'ந'வின் வளைவைக் கீறியது என் கை, எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுத் தட்டு. நான் அதில் சோறு தின்றிருக்கிறேன்.

நான் தட்டை விடாமல் பிடித்திருந்ததில் அந்தப் பெண் பயந்து அதை வாங்கிவிட்டாள். வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றேன், எத்தனை பஸ் போனதென்று தெரியாது. என் பிள்ளை கள்ளன் என்று எனக்குத் தோன்றவில்லை, கேள். என் பிள்ளையை யாரோ ஒரு குழிக்குப் பக்கத்தில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறான், பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான் என்றுதான் தோன்றியது.

ஞாயிறு காலையில் நீ அந்தப் பெட்டியோடு வந்தாய். லண்டனில் ஒருவருக்குக் கொடுக்கவேண்டும் என்றாய். கப்பல் அங்கிள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அங்கிளுக்கு முழங்கால் நோ அம்மா, இவ்வளவு நேரம் பிளேனில இருக்கேலாது. நான் கொண்டுபோறன். இட்ஸ் எ பிக் சான்ஸ் ஃபோர் மீ." உள்ளே என்ன என்றேன். "தட்டுகள்தான்." யார் கீறியது என்றேன். நீ குனிந்து டேப் ஒட்டிக்கொண்டே சொன்னாய்: "நான் ஆரின்ர பேரும் போடேல்லை அம்மா. ஸ்டைல் ஒருத்தரின்ர சொத்துமில்லை." தலை நிமிரவில்லை நீ. நான் இன்னும் ஒரு சொல் கேட்டிருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், ஆனால் அதை உடனே அவரிடமும் சொல்லியிருப்பாய். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று அஜின்கோர்ட்டில் மரக்கறி வாங்கப் போனேன். உண்மையில் மரக்கறி வாங்கப் போகவில்லை. உனக்கு முன்னால் அவரிடம் வேலைக்கு நின்ற ரூபனின் தாய் அந்தக் கடையில் காசாளராக இருக்கிறா என்று கேள்விப்பட்டுப் போனேன். இடைவேளைக்கு அவ வெளியே வரும்வரை முருங்கைக்காயைத் தடவிக்கொண்டு நின்றேன். உன் பெயரைச் சொல்லாமல், என் மகன் கப்பல்காரரோடு வேலை செய்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவவின் முகம் கறுத்துவிட்டது.

"என்ர பிள்ளையும் அவரோட நிண்டவன்தான் அக்கா."

"இப்ப எங்கை?"

"உள்ளுக்கை." மறியலில், சிறைக்குள் என்று அர்த்தம். "எயார்போட்டில பிடிச்சவங்கள். பெட்டி அவன்ர பேரில. கடுதாசி எல்லாம் அவன்ர பேரில."

"கப்பல்காரர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவர், ஏன் சொல்லேல்லை! பெடியன் கடை கூட்ட வந்தவன், பின்னால என்ன செய்தவனெண்டு தனக்குத் தெரியாதாம். கோயிலில என்னைக் கண்டால் கும்பிடுறார் அக்கா. கண்கலங்கிக் கும்பிடுறார்."

அவ திரும்பிப் போகும்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அண்டைக்கு அவர் ஏன் தானே போகவில்லை என்று. "ஏதோ கால் நோ எண்டவர். முழங்கால்" என்றா.

தம்பி, அதே முழங்கால்! நான் பையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன்.

அதோடு விட்டானா? பின்னேரம் நீ இல்லாத நேரம் பார்த்துக் கப்பல்காரர் வந்து கதவைத் தட்டினார். படிகளில் ஏறித்தான் வந்தார், லிஃப்ட் பழுது. முழங்காலில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தார், தேத்தண்ணி குடித்தார், கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். "தங்கச்சி, அண்டைக்குத் தந்த வெள்ளைப் பீங்கான் மிச்சம் கிடக்கோ? தாங்கோவன். அதுக்குப் பதிலா நல்ல புதுச் செட் ஒண்டு கொண்டந்து தாறன்." எங்கே வைத்தேனென்று தேடவேண்டும் அண்ணை என்றேன். அவர் என்னைப் பார்த்தபடி இருந்தார், கண் சிரிக்கவில்லை. "பெடியன்ர எதிர்காலத்தைப் பற்றி ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. சூளை, பின்கடை, எல்லாம் இப்ப அவன்ர பேரிலதான் எழுதிப்போட்டன். நாளைக்கு ஒருத்தரும் வந்து கேக்கக்கூடாது பாருங்கோ." அதை ஒரு நன்மைபோலச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். வாசலில் சப்பாத்துப் போட்டபடி, "நல்ல பிள்ளை, வாய்க்குள்ள விரல் வைச்சாலும் கடிக்கத் தெரியாதவன்" என்றார். அவர் படியிறங்கும் சத்தம் ஒருசீராகக் கேட்டது. கதவைப் பூட்டிவிட்டு அந்தக் கோப்பையைக் குப்பையில் போட்டேன்.

நீ இந்த இடத்தில் என்ன நினைப்பாய் என்று தெரியும். அம்மாவுக்கு விசர், நான் அங்கிளிடமே கேட்கிறேன் என்று நினைப்பாய். கேட்டால் அவர் அழுவார். உன்னைத் தன் பிள்ளை என்பார். நீ உருகிப்போய்ப் பெட்டியைத் தூக்குவாய். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையிலிருந்தே யாராவது உன் படத்தைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொன்னால் போதும், உன் பென்சிலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாய். உன் வேலையைத் திறமை என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்று நம்புகிறாய். கேள் ராசா. அந்தக் காடையைப் பார்த்து அழுதவள் நான். செத்தவனின் கை என்று நினைத்து அழவில்லை. உன் கையென்று தெரியாமலே அழுதேன். தெரிந்த பிறகும் அது வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அட்டையில் எழுதியிருந்தது பொய். பாணி யாருடைய சொத்துமில்லை என்றாயே, ஓம், சரி. பாணியில் கீறு, ஆயிரம் கீறு, உன் பெயரைப் போட்டு விற்றால் நானே வாசலில் நின்று விற்றுத்தருவேன். ஒல்லாந்தன் கீறியதையும் இப்போது ஒல்லாந்தன் கீறியது என்று எழுதித்தானே வைக்கிறார்கள்? முந்நூறு வருட வயதைத் திருடி உன் படத்துக்குப் போடுகிறவன் உன் திறமையை மதிக்கிறவனல்ல. உன்னை இல்லாமல் ஆக்குகிறவன். காரியம் முடிந்ததும் உன்னை உண்மையாகவே இல்லாமல் ஆக்குவான், ரூபனை ஆக்கியதுபோல.

ஏலம் நாளைக்குப் பின்னேரம். அந்தக் காடைத் தட்டு விற்கும்வரை ஒருவரும் ஏமாறவில்லை. பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகும்வரை அது வெறும் தட்டுகள்தான். நாளைக்குப் பிறகு அப்படிச் சொல்லமுடியாது. அதனால் இன்று காலையில் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வெள்ளைத் தட்டொன்றைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த ஏலக்கடைக்குப் போனேன்.

அதே பெண்தான் இருந்தாள். என் இங்கிலிஷ் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும், அவள் பொறுமையாகக் கேட்டாள். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துக் கவிழ்த்தாள். பூதக்கண்ணாடியால் என் தட்டின் எழுத்தைப் பார்த்தாள், பிறகு மற்றதை. அப்புறம் ஏதோ தடவி அடைப்பைக் கரைத்தாள். எழுத்து எழும்பி வந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் இருந்தாள். காடைத் தட்டை ஏலத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றாள். நீ நாளைக் காலை அந்தப் பெட்டியோடு நீயாகவே போய், யார் கொண்டுவரச் சொன்னது, யார் விற்கச் சொன்னது என்று உன் வாயால் சொன்னால், அதை அப்படியே எழுதிக்கொள்வார்களாம். பொலிசுக்குச் சொல்வார்களா என்று கேட்டேன். மறைத்துப் பேசவில்லை அவள். சொல்லவேண்டிவரும் என்றாள். நீயாக வந்தால் ஒரு மாதிரி, வராவிட்டால் வேறு மாதிரி என்றாள். அதற்கு மேல் ஒரு உறுதியும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ என்னோடு இனிக் கதைக்காமல் விடலாம். விடு. மறியலுக்கு வெளியே நின்று நீ என்னோடு கதைக்காமல் இரு, நான் தாங்குவேன். உள்ளே இருந்து கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று அம்மா என்று கூப்பிட்டால் தாங்கமாட்டேன். கோயிலில் அந்த மனிதன் கண்கலங்கி என்னைக் கும்பிடுவதைப் பார்க்க நான் உன்னைப் பெறவில்லை.

எழும்பப்போகும் நேரத்தில் அவள் பேனாவைத் திறந்தாள். காடைத் தட்டின் அட்டையில் இருந்ததையெல்லாம் ஒரே கோட்டால் வெட்டிவிட்டு, இந்தக் காடைகளைத் தீட்டியது யார் என்று கேட்டாள். தண்ணீர் தந்தாள், குடித்தேன். பிறகு உன் முழுப் பெயரையும், உன் அப்பாவின் பெயரோடு சேர்த்து, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவள் ஓரிடத்தில் பிழையாக எழுதினாள். நான் எட்டிப் பார்த்துத் திருத்தினேன்.